வலப்பக்கச் சங்கிலி

வெர்லின் ஹாகன் வீடுபோன்ற தன் டிரெய்லரை வண்டியில் பூட்டி இழுத்தால், உள்ளே மேசைமேல் விளிம்பு முட்ட ஊற்றி வைத்த காபி, பிக்ஹார்ன் மலையையே ஏறி இறங்கினாலும் ஒரு சொட்டு சிந்தாது. சொன்னது வேறு யாருமில்லை, வெர்லின் ஹாகனேதான். ஐடஹோவிலிருந்து மின்னசோட்டா வரை எத்தனை டிரெய்லர் முகாம்கள் உண்டோ அத்தனையிலும், நெருப்பு மூட்டி நாலு பேர் சுற்றி உட்கார்ந்தார்களோ இல்லையோ, இதைச் சொல்லிவிடுவார். கேட்டவர்களில் நாய்கள் மட்டும் வாலை ஆட்டும். மற்றவர்கள் மரியாதைக்குச் சிரிப்பார்கள். அவருடைய தம்பி டெல்மார் மட்டும் மரியாதையும் பார்க்க மாட்டான், சிரிக்கவும் மாட்டான்.

"புளுகு," என்பான். "போய்ச் சேர்ந்ததும் இவன் மொதல்ல உள்ள போறான். கதவைச் சாத்திக்கிறான். அப்புறம்தானே நம்மளைக் கூப்பிடுறான்? சட்டைக்குள்ள பிளாஸ்க் வச்சிருக்கான்."

வெர்லினின் மனைவி ஆர்டிஸைத்தான் எல்லோரும் சாட்சிக்குப் பார்ப்பார்கள். பயணம் முடிந்ததும் சமையலறைத் துணிகளைத் துவைப்பவள் என்ற முறையில், அவள் இதைப்பற்றி ஒருபோதும் அபிப்பிராயம் சொன்னதில்லை.

அந்த வெர்லின், செவ்வாய்க்கிழமை காலை, வையோமிங் முகாமிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில், பிக்கப் வண்டியோடு டிரெய்லரைப் பூட்டும் ஹிட்ச்சின் வலப்பக்கச் சங்கிலியை இழுத்து மாட்டினார். இடப்பக்கச் சங்கிலியைக் கையில் எடுத்தார். கொஞ்சம் இருங்கள் என்பதுபோல டிரெய்லரின் மூக்குச் சட்டத்தில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை, ஆர்டிஸ் அதே இடத்தில் மண்டியிட்டு, அதே இடப்பக்கச் சங்கிலியைக் கையில் பிடித்திருந்தாள்.

"அண்ணி, எழுந்திரிங்க. முட்டி போயிடும்." ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி வந்திருந்த டெல்மார் பின்னால் நின்று கத்தினான். கத்தாமல் அங்கே எதுவும் கேட்காது. அந்த முகாமில் அடிக்கும் காற்றுக்குக் காக்கைகள்கூடப் பறக்காது, நடந்துதான் போகும். "நான் சொல்றதைக் கேளுங்க. இதை மொத்தமா அவுத்துடுவோம். டிரெய்லரை என் வண்டியில பூட்டி நான் இழுத்துட்டு வர்றேன். நீங்க அண்ணன் வண்டிய எடுத்துக்கிட்டுச் சும்மா பின்னால வாங்க."

"வேணாம்."

"நீங்க ஒரு தடவைகூட இதை இழுத்ததில்லையே அண்ணி."

"முப்பது வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியிருக்கேன். அது இதைவிட நீளம். உள்ள அறுபது பிசாசுங்க வேற."

"பஸ்ஸுக்கு இடுப்புல மூட்டு கிடையாது. இதுக்கு இருக்குது."

அவள் சங்கிலியை விடவில்லை. அவுப்பதென்றால் வலப்பக்கச் சங்கிலியையும் அவுக்க வேண்டும். வெர்லினின் கை கடைசியாகச் செய்து முடித்த வேலை அது. செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் அதில் யாரையும் கை வைக்க விடவில்லை. பிக்கப்பும் டிரெய்லரும் பூட்டியபடியே நின்றன. ஆஸ்பத்திரிக்கும் சவ அடக்க நிலையத்துக்கும் அடுத்த டிரெய்லர்க்காரர்களின் கார்களில்தான் போய்வந்தாள். மகள் ஜோலின் ஃபீனிக்ஸிலிருந்து போனில் அழுதாள்: "அம்மா, அந்தத் தகரத்தை அங்கயே வித்துட்டு பிளேன் ஏறி வாங்கம்மா." ஆர்டிஸ், "பார்க்கலாம்" என்று வைத்துவிட்டாள். அவர் மாட்டியது மாட்டியபடி வீட்டு வாசல் போய்ச் சேர வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வெர்லினை நேற்றே கறுப்பு வேன் ஊருக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவளை விட்டுவிட்டு அவர் முன்னால் கிளம்பியது, கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

இந்தச் சங்கிலிகளின் மகிமையை வெர்லின் அவளுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். டிரெய்லரின் மூக்கு தன் பின்புறத்தில் ஏறி அமர்ந்ததும் பிக்கப் நாய் மாதிரி குந்திவிடும். முன்விளக்கு இரண்டும் வானத்தில் போகும் வாத்துகளை எண்ணும். முன்சக்கரம் பேருக்குத்தான் தரையைத் தொடும்; ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி, "யோசிச்சுச் சொல்றேன்" என்னும். அதற்காகத்தான் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு எஃகுத் தண்டுகள். பிக்கப்பின் பின்னாலிருந்து கிளம்பி டிரெய்லர் மூக்குக்கு அடியில் ஓடும். நுனியைச் சங்கிலியில் தூக்கி மாட்டினால் தண்டு வில்லாக வளைந்து, பின்னால் குந்திய பாரத்தை நெம்பியெடுத்து, பிக்கப்பின் முன்சக்கரங்களுக்கும் டிரெய்லரின் சக்கரங்களுக்கும் பங்கு போடும். "ஒருத்தன் தலையில மொத்தத்தையும் ஏத்தக் கூடாது ஆர்டிஸ்," என்பார். அவள் அப்போதெல்லாம் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பாள்.

இப்போது அவள் வலப்பக்கச் சங்கிலியில் எத்தனை கண்ணிகள் மிச்சமாகத் தொங்குகின்றன என்று தொட்டுப் பார்த்தாள். இடப்பக்கத்திலும் அத்தனையே தொங்கும்படி கண்ணியைத் தேர்ந்தெடுத்தாள். ஜாக்கியைச் சுற்றி மூக்கைத் தூக்கினாள். டெல்மார் முணுமுணுத்தபடி இரும்புக் குழாயை நீட்டினான். அவள் அதைச் சங்கிலி மாட்டிய கொக்கியில் செருகி, முழு உடம்பையும் கொடுத்து மேலே தள்ளினாள். தண்டு முனகிக்கொண்டு வளைந்தது. கொக்கி 'டக்' என்று போய் உட்கார்ந்தது. பூட்டு ஊசியைச் செருகி, ஜாக்கியை இறக்கினாள்.

அடுத்தது அவளுடைய வேலை. டிரெய்லர் பூட்டுவதில் எத்தனையோ வருஷங்களாக அவள் செய்துவந்த ஒரே வேலை. பையிலிருந்து தையல் நாடாவை எடுத்துக்கொண்டு பிக்கப்பின் முன்னால் போய், முன்சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு தரையிலிருந்து எத்தனை அங்குல உயரம் என்று அளந்தாள். பாரம் சரியாகப் பங்கு போயிருந்தால் பிக்கப்பின் முன்பக்கம் பழைய உயரத்துக்கு இறங்கியிருக்க வேண்டும்.

"முப்பத்தெட்டே கால்!" என்று கத்தினாள்.

பின்னாலிருந்து, "என்னது?" என்று வர வேண்டும். ஒரு தடவைகூட அந்த மனுஷனுக்கு முதல் தரத்தில் கேட்டதில்லை. மறுபடி கத்த வேண்டும். "காது கேக்காத கிழவா, முப்பத்தெட்டே கால்!" என்று கத்தினால், "அதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே" என்பார்.

அவள் நாடாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தாள். காற்று நாடாவின் நுனியைப் படபடக்க வைத்தது.

"முப்பத்தெட்டே கால்," என்று மெதுவாக இன்னொரு தடவை சொல்லிவிட்டு எழுந்தாள்.

கிளம்பும் சமயத்தில் முகாமே ஊர்வலமாக வந்தது. சாவு வீட்டுக்குத் தட்டு கொண்டுவராதவர்களை அந்தப் பக்கத்தில் மறுபிறவியிலும் மன்னிக்க மாட்டார்கள். இரண்டு நாட்களாகச் சமைத்து, முகாம் கூடத்துக் குளிர்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்கள். மாட்டுக்கறியும் காளான் சூப்பும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள் பரப்பிச் சுட்ட ஹாட்டிஷ். அதிலேயே சோளம் போட்டது, பீன்ஸ் போட்டது, எதையும் விடாமல் போட்டது. துருவிய கேரட் மிதக்கும், தொட்டால் ஆடும் பச்சை ஜெல்லோ இனிப்பு. உப்பிட்ட பன்றித்தொடையில் மூன்று முழு ஹாம். ஒவ்வொரு தட்டின் அடியிலும் திருப்பித் தருவதற்காகப் பெயர் எழுதி ஒட்டிய துண்டு. மொத்தம் முப்பது தட்டு என்று ஆர்டிஸ் பிற்பாடு சொன்னாள். பார்த்தவர்கள் இருபது என்பார்கள். டிரெய்லரின் பின்புறத்தைக் கேட்டால் நூறு என்று சத்தியம் செய்யும். கெட்டுப்போகாமலிருக்க ஐந்து பெட்டி ஐஸ் வேறு.

சாப்பாடு என்றால் சமையலறைக்குத்தான் போகும். அந்த டிரெய்லரில் சமையலறை கடைக்கோடியில் இருந்தது. குளிர்பெட்டியில், தரையில், அடுப்பின் மேல், குளிக்கும் தொட்டியில் என்று டெல்மாரும் மற்றவர்களும் அடுக்கினார்கள். ஆர்டிஸ் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். இரண்டு நாட்களாக அவள் வாயில் ஒரு கரண்டி போகவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

கடைசியாக இறங்கிய டெல்மார் கதவருகே நின்றான். "அண்ணி, மேசைமேல காபி இருக்குது."

"இருக்கட்டும்."

"ஆடை படிஞ்சு கெடக்குது."

"செவ்வாய்க்கிழமை ஊத்தி வச்சாரு. இருக்கட்டும்னு சொன்னேன்ல?"

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ரிவர்ஸ் எடுக்கும்போது பேசிக்கொள்ள வைத்திருக்கும் ரேடியோக்களில் ஒன்றை வாங்கிக்கொண்டு தன் வண்டிக்குப் போனான்.

ஓட்டுநர் இருக்கை வெர்லினின் நீளக் கால்களுக்காகப் பின்னால் தள்ளியிருந்தது. அவள் முன்னால் இழுத்துக்கொண்டாள். வலது பக்கத்தில் அவளுடைய இருக்கை காலியாக இருந்தது. பின்னல் பையும், பாதி முடிந்த ஒரு ஸ்வெட்டர் கையும் மட்டும். எல்லாப் பயணத்திலும் அவள் பார்த்துவந்தது வலப்பக்கத்து வயல்களைத்தான். இடப்பக்கத்திலும் இவ்வளவு வெறும் புல்வெளி இருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது.

மலையடிவாரத்துச் சரிவில் காற்று பக்கவாட்டில் பிடித்துக்கொண்டது. ஒரு பெரிய லாரி கடந்து போனதும், பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. முதலில் இடம், பிறகு வலம். இன்னும் பெரிதாக இடம்.

ரேடியோ அலறியது. "அண்ணி! வாலை ஆட்டுது! மீன் மாதிரி ஆட்டுது! பிரேக்கு! பிரேக்கை மிதிங்க!"

அவள் கால் பிரேக்குக்குப் போனது. அப்போதுதான், பின்னல் ஊசிகளுக்கு நடுவே காதில் விழுந்து எங்கோ தங்கிப்போன குரல் வந்தது. வால் ஆடினா காலைத் தொடாதே ஆர்டிஸ். கையால டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடி. அது டிரெய்லரைப் பின்னால இழுக்கும், தானா நேரா வரும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த சின்ன நெம்புகோலை அவள் விரலால் மெல்ல அழுத்தினாள். கால் காற்றில் நின்றது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தாள். டிரெய்லர் இன்னும் இரண்டு தரம் முரண்டு பிடித்தது. ஆனால் முன்சக்கரங்கள் தரையைக் கவ்விக்கொண்டிருந்தன. மெல்ல மெல்ல வால் அடங்கியது.

"பிரேக்கைப் பிடிச்சீங்களா? அண்ணி? கேக்குதா?"

"வாயை மூடு டெல்மார்," என்றாள்.

கொஞ்ச தூரத்தில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு பெண் 'நில்' என்ற பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆர்டிஸ் ஓரமாக நிறுத்தி இறங்கினாள். டெல்மார் ஓடிவந்தான், எழுபது வயதில் அவன் ஓடியதைப் பார்த்தவர்கள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"நான் சொன்னேன்ல! அவன் மாட்டினதே தப்பு. வலது பக்கம் ஒரு கண்ணி இறுக்கி மாட்டணும். நகருங்க, நான் பார்க்கிறேன்."

"அதைத் தொட்டே, இங்கயே உன்னைப் புதைச்சுட்டுப் போயிடுவேன்."

அவள் தையல் நாடாவை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள். அளந்தாள். மறுபடி அளந்தாள். பிக்கப்பின் முன்பக்கம் ஒரு விரற்கடைக்கு மேல் இறங்கியிருந்தது. குனிந்தபடியே யோசித்தாள். சங்கிலி அதே சங்கிலி, நெம்புவதும் அதே அளவுக்கு நெம்புகிறது. அப்படியானால் பின்னால் அழுத்த வேண்டிய பாரம் குறைந்துவிட்டது. எங்கே போனது? டிரெய்லரின் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"டெல்மார், அவர் மாட்டினது சரி. நாமதான் சாவுச் சாப்பாடு அத்தனையையும் வால்ல ஏத்திட்டோம். வால் கனத்து மூக்கு லேசாயிட்டுது."

டெல்மார் எட்டிப் பார்த்தான். அவனே அடுக்கியதுதான். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

உள்ளே, நீலப் புள்ளி போட்ட எனாமல் குவளை மேசைக்கு அடியில் உருண்டு கிடந்தது. செவ்வாய்க்கிழமைக் காபி தரையில் ஓடி, ஒரு ஐஸ் பெட்டியின் கீழே தேங்கியிருந்தது. ஆர்டிஸ் துணியை எடுத்து மண்டியிட்டுத் துடைத்தாள். தேவைக்கு அதிகமாகவே துடைத்தாள். டெல்மார் வாசலில் நின்று புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பலகைக்காரப் பெண் வந்து எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, வண்டி டான்ஸ் ஆடிக்கிட்டு வந்துதே, என்னாச்சு?"

"சாப்பாடு ஜாஸ்தி. உங்க ஆளுங்க எத்தனை பேரு?"

"பத்துப் பன்னெண்டு பேரு. ஏன்?"

"கூப்பிடு."

அரை மணி நேரத்துக்கு அந்த மாநிலத்தில் ஒரு குழிகூட மூடப்படவில்லை. இருபுறமும் வண்டிகள் அடிவானம் வரை நின்றன. முன்னால் நின்ற ஓட்டுநர்கள் இறங்கிவந்து ஹார்ன் அடித்த கையாலேயே தட்டேந்தினார்கள். ஹாட்டிஷ் காணாமல் போனது. பச்சை ஜெல்லோவைக்கூட ஒருவன் சாப்பிட்டான். இதை நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

"கல்யாணமா?" என்று வாய் நிறையக் கேட்டாள் பலகைக்காரப் பெண்.

"சாவு. என் வீட்டுக்காரரு."

அவள் மெல்லுவதை நிறுத்தினாள். "அய்யோ. அப்ப நாங்க இதை... சாப்பிடலாமா?"

"சாப்பிடத்தானே குடுத்தாங்க. நல்லா இருக்குதா?"

"ரொம்ப நல்லா இருக்குது." பிறகு தயங்கி, தன் தட்டிலிருந்தே ஒரு கரண்டியை எடுத்து நீட்டினாள். "நீங்க?"

ஆர்டிஸ் வாங்கிச் சாப்பிட்டாள். உப்பு கொஞ்சம் தூக்கல். இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

காலித் தட்டுகளையும் ஹாம்களையும் இரண்டு ஐஸ் பெட்டிகளையும் முன்பக்கத்துக்குக் கொண்டுபோனார்கள். மற்ற பெட்டிகளின் ஐஸைப் புல்லில் கொட்டினார்கள். முன்பக்கத்தில், டிரெய்லரின் மூக்குக்கு நேர் மேலே, படுக்கை இருந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆர்டிஸ் அதில் படுக்கவில்லை. மேசைப் பெஞ்சில்தான் சுருண்டுகொண்டாள்.

"பெட்டிய எங்க வைக்க, அண்ணி?"

"அங்க. சுவத்துப் பக்கம். அவர் படுக்கிற பக்கம்."

மெத்தை பழக்கப்பட்ட மாதிரி அமுங்கியது. அவள் போர்வையை இழுத்துப் பெட்டிகள் நகராதபடி இறுக்கிச் செருகினாள். வெளியே போய் அளந்துவிட்டு வந்தாள்.

"முப்பத்தெட்டே கால்."

"என்னது?" என்றான் டெல்மார், காற்றில் கேட்காமல்.

அவள் அவனையே பார்த்தாள். "முப்பத்தெட்டே கால்னு சொன்னேன்," என்றாள்.

டெல்மார் தன் வண்டிக்குப் போய்த் தெர்மாஸை எடுத்து வந்தான். நீலக் குவளையைக் கழுவி மேசைமேல் வைத்து, விளிம்பு முட்ட, இன்னொரு சொட்டு விட்டால் வழியும் என்கிற அளவுக்கு ஊற்றினான்.

"இப்ப பார்க்கலாம்," என்றான். கதவைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானும் போட்டுக்கொண்டான். "நாப்பது வருஷமா இவன் சாவிய என் கையில குடுத்ததே இல்ல."

அதற்குப் பிறகு டிரெய்லர் அவளுக்குப் பின்னால் இருக்கிறதா என்றே அடிக்கடி கண்ணாடியில் பார்க்க வேண்டியிருந்தது. தெற்கு டகோட்டா எல்லையைத் தாண்டியும் காற்று விடவில்லை. தந்திக் கம்பங்கள் சாய்ந்து போயின, வண்டி சாயவில்லை. ரேடியோவில் டெல்மார் அவ்வப்போது, "வால் எப்படி?" என்று அவளையே கேட்டான். "நீதானே பின்னால இருக்கே?" என்றாள். "நேரா இருக்குது," என்பான், எதற்கோ குறைப்பட்டுக்கொள்வதுபோல. பிறகு நெடுநேரத்துக்கு ரேடியோவில் இரைச்சல் மட்டும். அவள் ஒரு தடவை பக்கத்து இருக்கையைப் பார்த்து, "ஜன்னலைச் சாத்தட்டுமா?" என்று கேட்டுவிட்டு, தானே சாத்தினாள்.

வெயில் சாயும் நேரத்தில் வீட்டு வாசலில் சரளைக் கல் நொறுங்கியது. எஞ்சினை நிறுத்தியதும் காதுக்குள் ஒரு பெரிய அமைதி. யாரும் கதவைத் திறந்துகொண்டு வரவில்லை.

டெல்மார் இறங்கினான். சாவியை எடுத்தான். டிரெய்லரைத் திறந்து உள்ளே போனான். அவனுடைய அண்ணன் செய்வதைப் போலவே கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆர்டிஸ் ஹிட்ச் அருகே போனாள். ஜாக்கியைச் சுற்றி மூக்கைத் தூக்கி, இடப்பக்கச் சங்கிலியை இறக்கினாள். தண்டு நிமிர்ந்து தொங்கியது. வலப்பக்கம் போனாள். பூட்டு ஊசியில் விரலை வைத்தாள். வைத்தபடியே நின்றாள். பிறகு கையை எடுத்து, கிரீஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மூக்குச் சட்டத்தில் உட்கார்ந்தாள்.

டெல்மார் வெளியே வர நேரமானது. வந்தபோது நீலக் குவளை அவன் கையில் கவிழ்ந்து தொங்கியது.

"என்னாச்சு?"

"குடிச்சிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"ஊத்தினது ஊத்தினபடி இருந்துது. ஆறிப்போய்." அவன் அவளைப் பார்க்கவில்லை. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டான். கண்ணையும் சேர்த்துத் துடைத்தான்.

அவள் குவளையைப் பார்த்தாள். அவனுக்கே பொறுக்கவில்லை.

"சமையக்கட்டுத் துணி ஆணியில தொங்குது. போய்த் தொட்டுப் பாருங்க. காஞ்சிதான் கெடக்குது."

ஆர்டிஸ் எழுந்திருக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். டெல்மார் குவளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர்களுடைய கால்களுக்குப் பக்கத்தில் வலப்பக்கச் சங்கிலி இன்னும் இழுத்துப் பிடித்தபடி இருந்தது.

"நடந்துது அண்ணி," என்றான். "அவன் சொன்னது நடந்துது."